அடைப்புக்குறிக்குள்

ஸ்க்ராண்டனிலிருந்து ஒரு கடிதம்.
உறையின் மேல் இப்படி:
"டெவானி என்ற பெயரில் யாராவது,
லிஸ்நகாப்பல், மேயோ, அயர்லாந்து."
அந்த ஊருக்குத் தபால் கொடுப்பவள் நான்.
அந்தப் பெயரில் அங்கே மிச்சமிருப்பவளும் நான்.
வேனை ஓரங்கட்டி
எனக்கு நானே பட்டுவாடா செய்துகொண்டேன்.

எழுதியவர் எல்வுட் டெவானி,
கூரை வேலை பார்த்து ஓய்வுபெற்றவர்.
"என் கொள்ளுத்தாத்தா பார்ட்லியை
வீட்டைவிட்டுத் துரத்தினார்களாம்.
அந்த நிலம் இப்போது யாரிடம் இருக்கிறது?"

சிரிப்பு வந்தது.
துரத்தப்பட்ட பார்ட்லி எங்கள் பார்ட்லி அல்லவா?
கேப்டன் பாலிஸ்டரின் ஆட்கள்
கொக்கி போட்டுக் கூரையை இழுத்ததும்,
கொட்டும் மழையில் அவர்
கதவைத் தோளில் சுமந்து நடந்ததும்
ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும்
அப்பாவின் மூன்றாவது கோப்பையில் வரும்.
வருஷத்துக்கு வருஷம் கதவு கனத்துக்கொண்டே போகும்.

இரண்டு நாள் விடுப்பு. டப்ளின் ரயில்.
பென்சில் மட்டும் கொண்டுவரலாம் என்றார்கள்.
மதிப்பீட்டு அலுவலகத்தின் பழைய திருத்தப் புத்தகத்தை
ஒருவர் இரு கையாலும் ஏந்தி வந்து வைத்தார்.
குடியிருப்பவர், நிலக்கிழார், வீடு, தொழுவம்,
ஏக்கர், ரூட், பெர்ச்.
திருத்தம் வந்த ஆண்டுக்கெல்லாம் வேறு வேறு மை.
செத்தவருக்கும் கப்பலேறியவருக்கும்
ஒரே மாதிரிக் கோடு.

ஏழாம் எண், பார்ட்லி டெவானி.
பதினோரு ஏக்கர், இரண்டு ரூட், ஒன்பது பெர்ச்.
நீல மையில் அடித்திருந்தது.
அதற்கு மேலே பச்சை மையில், 1882,
பார்ட்லி டெவானி.

அடித்த பெயரையே திரும்ப எழுதுவானா ஒருவன்?
குமாஸ்தாவுக்கு மத்தியானத் தூக்கம் என்று
பக்கத்தைத் திருப்பக்கூடப் போனேன்.
அப்புறம்தான் கண்ணில் பட்டன
பெயர்களுக்குப் பின்னால்
நகக்கீறல் போல அடைப்புக்குறிகள்.

அடிபட்டவர் பார்ட்லி டெவானி (சிவப்பு).
எழுதப்பட்டவர் பார்ட்லி டெவானி (மாத்யூ).

ஒரே ஊரில் ஒரே பெயருக்கு இருவர் இருந்தால்
ஒருவனைத் தலைமுடியால் பிரிப்பார்கள்,
மற்றவனைத் தகப்பனால்.
(மாத்யூ) எட்டாம் எண்காரர்.
ஏழையும் எட்டையும் ஒரு பச்சை வளைவு சேர்த்திருந்தது.
ஏழுக்கு நேரே, வீடு என்ற பத்தியில்,
இடிந்தது.

எங்கள் வீட்டில் யாருக்கும் செம்பட்டை முடி கிடையாது.
நான் களை பறிக்கும் கல்லறைக் கல்லில்
மேலே மாத்யூ, கீழே பார்ட்லி.

துரத்தப்பட்டவனின் நிலத்தை எடுத்தவனுக்கு
எங்கள் பக்கம் ஒரு சொல் உண்டு.
இன்றைக்கும் மதுக்கடையில்
கதவைப் பார்த்துவிட்டுத்தான் சொல்வார்கள்.
அப்பா மட்டும் அதை உரக்கச் சொல்வார்,
மற்றவர்களைப் பற்றி.

நிலத்தை எடுத்தபோது
கதையையும் சேர்த்தே எடுத்திருக்கிறோம்.

ஸ்டேஷனிலிருந்து கோல்மனைக் கூப்பிட்டேன்.
அண்ணன் ரொம்ப நேரம் பேசவில்லை.
பிறகு கேட்டான்:
"அப்போ அந்தக் கதவு?"
எங்கள் மாட்டுக்கொட்டிலில் ஒரு கதவு இருக்கிறது,
நிலைக்கு ஒரு சாண் குட்டையாக.
கீழே எப்போதும் குளிர் நுழையும்.
ஏன் மாற்றவில்லை என்று
நாங்கள் யாரும் கேட்டதில்லை.

அன்புள்ள எல்வுட்,
நிலம் இருக்கிறது.
இப்போது பதினான்கு கன்றுகள் மேய்கின்றன.
வீடு இருந்த மூலையில்
காஞ்சொறி இடுப்பளவு வளர்கிறது,
அதை மாடு தொடாது.
பக்கத்தின் நகல் இதோடு.
மையின் நிறங்களைக் கவனியுங்கள்.
வருவதானால் முன்கூட்டி எழுதுங்கள்,
ஒரு கதவைக் கழற்றி வைக்க வேண்டும்.

உறையை ஒட்டி
அனுப்புநர் ப்ரோனா டெவானி என்று எழுதினேன்.
தபால் வேலையில் பதினெட்டு வருஷம்.
முகவரி குறைந்தால்
எங்கே போய்ச் சேரும் என்று தெரியும்.
பேனாவைத் திரும்ப எடுத்து
பெயருக்குப் பக்கத்தில், சின்னதாக,
(மாத்யூ).